கடைசி உயிர் மடியும் முன்

நுழையும்முன்

ஒரு நிலத்தின் மரம், விலங்கு, பறவை, உணவு, தொழில் ஆகியவற்றை ஒன்றோடொன்று இயைந்த கருப்பொருள்களாகக் கண்டது தமிழரின் திணைக் கோட்பாடு. அவ்வியைபு எத்துணை நுட்பமானது என்பதையும், அது குலைந்தால் என்ன நேரும் என்பதையும் மலேசிய மழைக்காடுகள் காட்டுகின்றன. ஓர் உயிரினம் அற்றுப்போவது அதன் கடைசி விலங்கு இறக்கும் நாளில்தானா என்னும் வினாவிற்கு இக்கட்டுரை விடை தேடுகிறது.

மழை வளர்த்த காடு

நிலநடுக்கோட்டிற்குச் சற்று வடக்கே, தென்சீனக் கடலின் இருபுறமும் பரந்து கிடக்கும் நாடு மலேசியா. கடலுக்கு மேற்கே தீபகற்ப மலேசியா உள்ளது. கிழக்கே போர்னியோ தீவின் வடபகுதியில் சபா, சரவாக் என்னும் மாநிலங்கள் அமைந்துள்ளன. பரப்பளவில் இந்நாடு தமிழ்நாட்டைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு பெரியது. கடுங்கோடையோ பனிக்காலமோ இங்கு இல்லை. ஆண்டு முழுவதும் வெப்பமும் மழையும் ஒன்றையொன்று தொடர்ந்து வருகின்றன. இத்தகைய தட்பவெப்பத்தில் இடையறாது தழைத்து வளர்ந்தவையே வெப்பமண்டல மழைக்காடுகள்.

இக்காடுகளின் வளத்தைச் சொல்லால் விளக்குவதைவிட எண்ணால் விளக்குவது எளிது. நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பாசோ என்னும் காடு உள்ளது. 1980களில் ஆய்வாளர்கள் அக்காட்டில் 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து எல்லை வகுத்தனர். அடிமரம் ஒரு சென்டிமீட்டர் தடிப்புள்ள இளங்கன்று முதல் வானளாவிய பெருமரம் வரை ஒவ்வொன்றையும் எண்ணி, பெயரறிந்து, குறித்து வைத்தனர். அச்சிறு நிலப்பரப்பில் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட மரங்கள் இருந்தன. அவை எண்ணூறுக்கும் மேற்பட்ட இனங்களைச் சேர்ந்தவை. சரவாக்கின் லம்பிர் குன்றுகளில் 52 ஹெக்டேர் பரப்பில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட மர இனங்கள் கண்டறியப்பட்டன.

இந்த எண்ணிக்கையில் மற்றோர் உண்மையும் அடங்கியுள்ளது. இனங்கள் பலவாக இருப்பின், ஒவ்வோர் இனத்திலும் உள்ள மரங்கள் சிலவாகவே இருக்கும். ஒரு மரத்தின் அருகில் நிற்பவை பெரும்பாலும் வேற்றின மரங்களே. தன்னினத்து மரம் ஒன்று நெடுந்தொலைவில் நிற்கக்கூடும். அடர்ந்த காட்டின் உள்ளே காற்றும் மெல்லவே வீசும். அவ்வாறாயின், ஒரு மலரின் மகரந்தம் மற்றொரு மலரை அடைவது எங்ஙனம்? ஒரு மரத்தின் விதை தாய்மரத்தின் நிழலைக் கடந்து செல்வது எங்ஙனம்? இடம்பெயர இயலாத மரங்களுக்காக இடம்பெயர்பவை விலங்குகளும் பறவைகளும் பூச்சிகளுமே. மழைக்காட்டில் உயிரினங்கள் பல்கியிருப்பதும், அவை ஒன்றையொன்று சார்ந்திருப்பதும் ஒரே உண்மையின் இரு கூறுகள் ஆகும்.

பத்துமலை வௌவால்கள்

இச்சார்பிற்குத் தமிழர் நன்கறிந்த ஓரிடத்திலேயே சான்று உள்ளது. கோலாலம்பூருக்கு வடக்கே அமைந்துள்ள பத்துமலை, தைப்பூசத் திருவிழாவால் உலகப் புகழ் பெற்ற முருகன் தலம். அச்சுண்ணாம்புக்கல் குன்றில் கோயில் அமைந்த குகையை அன்றி வேறு குகைகளும் உள்ளன. அவற்றுள் ஒன்றான இருட்டுக் குகையில், தன் வளையின் வாயிலுக்குக் கதவமைத்து வாழும் தொன்மையான சிலந்தியினம் ஒன்று காணப்படுகிறது.

மலேசியாவின் சுண்ணாம்புக்கல் குகைகளில் வாழும் உயிர்களுள் தேனுண்ணும் வௌவாலும் ஒன்று. மாலை மங்கியதும் குகையினின்று கூட்டமாகப் புறப்படும் இவ்வௌவால், இரவில் மலரும் பூக்களைத் தேடிச் செல்கிறது. மலேசிய மக்கள் பெரிதும் விரும்பியுண்ணும் தூரியான் பழம் அத்தகைய பூவிலிருந்து உருவாவதாகும். வௌவாலின் உடலில் ஒட்டிய மகரந்தம் மற்றொரு தூரியான் மரத்தின் பூவைச் சேரும்போதுதான் காய் பிடிக்கிறது.

ஆனால், தூரியான் ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே பூக்கும். எஞ்சிய காலத்தில் வௌவாலுக்கு உணவு எது? 1970களில் நடைபெற்ற ஆய்வு ஒன்று இதற்கு விடையளித்தது. பத்துமலைப் பகுதியில் வாழ்ந்த வௌவால்கள், 38 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கடற்கரை அலையாத்திக் காடுகள்வரை பறந்து சென்று அங்குள்ள பூக்களில் தேனருந்தித் திரும்பின. ஆகவே, கடற்கரையில் அலையாத்திக் காடு அழிந்தால், உள்நாட்டில் தூரியான் தோட்டத்தில் விளைச்சல் குறையும். சிமெண்ட்டுக்காகச் சுண்ணாம்புக்கல் குன்றை உடைத்தாலும் விளைவு அதுவே. குன்று, கடற்கரை, தோட்டம் ஆகிய மூன்றும் நிலப்படத்தில் தனித்தனி இடங்கள். வௌவாலின் ஓரிரவுப் பயணத்தில் அவை ஒரே நிலம்.

இருவாச்சிப் பறவையும் இவ்வாறே காட்டிற்குப் பணிபுரிகிறது. நம் ஆனைமலைக் காடுகளிலும் வாழும் இப்பறவைக் குடும்பத்தின் பத்து இனங்கள் மலேசியாவில் உள்ளன. பழங்களை விழுங்கி, விதைகளைத் தொலைவில் உமிழ்ந்தும் எச்சமிட்டும் காட்டை விதைப்பவை இவை. பெண் பறவை பெருமரத்தின் பொந்தினுள் புகுந்து, வாயிலைச் சிறு துளை மட்டும் எஞ்சுமாறு அடைத்துக்கொண்டு அடைகாக்கும். அந்நாள்களில் ஆண் பறவையே இரை கொணர்ந்து ஊட்டும். ஆண் பறவை வேட்டைக்கு இரையானால் கூட்டில் உள்ள தாயும் குஞ்சும் பட்டினியால் மடியக்கூடும். தலைக்கவச இருவாச்சியின் அலகின்மேல் உள்ள கெட்டியான கொண்டை, தந்தம்போல் செதுக்குவதற்கு ஏற்றது. அதன்பொருட்டே அப்பறவை பெருமளவில் வேட்டையாடப்பட்டது. 2015-ஆம் ஆண்டு அது மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. பறவைக்குப் பொந்து தரும் முதுமரமும், மரத்திற்கு வழித்தோன்றல் தரும் பறவையும் ஒன்றின்றி ஒன்று நெடுநாள் நிலைப்பதில்லை.

தெரிந்து தெளிவோம்

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1964-ஆம் ஆண்டுமுதல் சிவப்புப் பட்டியலைப் பேணி வருகிறது. எண்ணிக்கை, வாழிடப் பரப்பு, குறைந்துவரும் வேகம் ஆகியவற்றை ஆராய்ந்து, உயிரினங்களை அழியும் நிலைக்கு உள்ளாகக்கூடியவை, அருகியவை, மிக அருகியவை, இயற்கைச் சூழலில் அற்றுப்போனவை, முற்றிலும் அற்றுப்போனவை முதலிய வகைகளில் அது வைக்கிறது.

காடு துண்டான வரலாறு

பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட ரப்பர் மரம் 1877-ஆம் ஆண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் மேற்குக் கரையோரக் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. அத்தோட்டங்களில் உழைத்தோருள் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து சென்றவர்கள். 1917-ஆம் ஆண்டு சிலாங்கூர் மாநிலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் எண்ணெய்ப்பனை முதன்முதலாக வணிக நோக்கில் நடப்பட்டது. மலேசியத் தமிழர் செம்பனை என வழங்கும் இப்பயிர், நாடு விடுதலை பெற்ற பின்னர் விரைந்து பரவியது. இன்று 50 இலட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தில் அது வளர்ந்து நிற்கிறது.

எண்ணெய்ப்பனை எண்ணற்ற குடும்பங்களை வறுமையினின்று மீட்ட பயிர் என்பதை மறுத்தல் இயலாது. ஆனால், வானிலிருந்து நோக்கப் பசுமையாகத் தோன்றும் செம்பனைத் தோட்டம் காடாகாது. நூற்றுக்கணக்கான மர இனங்கள் நின்ற இடத்தில் ஒரே இனம் நிற்கிறது. இருவாச்சிக்குப் பொந்தும், குரங்கிற்குப் பல்வகைக் கனியும் அங்கில்லை. காட்டு விலங்குகளுள் மிகச் சிலவே அங்கு வாழ இயலும்.

காட்டின் பரப்பு குறைவது ஓர் இழப்பு. எஞ்சிய காடு துண்டுதுண்டாவது மற்றோர் இழப்பு. நூறு சதுர கிலோமீட்டர் காடு ஒரே தொகுதியாக இருப்பதும், பத்துப் பத்தாகச் சிதறியிருப்பதும் ஒன்றல்ல. சிதறிய துண்டுகளுக்கு இடையே சாலையும் தோட்டமும் குறுக்கிடுகின்றன. காட்டின் விளிம்பு மிகுதலால் வேட்டைக்காரர் எளிதில் உள்நுழைகின்றனர். இவற்றையெல்லாம்விடக் கொடியது, ஒரு துண்டில் வாழும் விலங்கு மற்றொரு துண்டில் வாழும் தன் இணையைக் காண இயலாமற் போவதாகும்.

காண்டாமிருகம் விட்டுச்சென்ற பாடம்

சுமத்திரா காண்டாமிருகம், உலகில் உள்ள ஐந்து காண்டாமிருக இனங்களுள் மிகச் சிறியது. இரு கொம்புகளும் உடலெங்கும் செம்பழுப்பு நிற மயிரும் உடையது. இந்தியாவின் வடகிழக்கு எல்லை முதல் பர்மா, தாய்லாந்து, மலாயா, சுமத்திரா, போர்னியோ வரை இது ஒருகாலத்தில் பரவி வாழ்ந்தது. கொம்பு மருந்தாகும் என்னும் தவறான நம்பிக்கை இதன் கூட்டத்தைக் குறைத்தது. காடழிப்பு எஞ்சியவற்றைச் சிதறடித்தது.

இதன் வீழ்ச்சியில் கருதத்தக்கது ஒன்றுண்டு. வேட்டை குறைந்து, காடும் ஓரளவு காக்கப்பட்ட இடங்களில்கூட இவ்விலங்கின் எண்ணிக்கை உயரவில்லை. காரணம் என்ன? இது தனித்து வாழும் விலங்கு. பெண் விலங்கு ஓராண்டிற்கும் மேலாகக் கருச்சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈனும். அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகும். பரந்த காட்டில் ஓரிரு விலங்குகளே எஞ்சியபோது, ஆணும் பெண்ணும் சந்திப்பதே அரிதாயிற்று. நெடுங்காலம் கருவுறாத பெண் விலங்குகளின் கருப்பையில் கட்டிகள் தோன்றின. பின்னர் இணை கிடைத்தபோதும் அவற்றால் தாயாக இயலவில்லை. எண்ணிக்கை குறைந்ததே எண்ணிக்கை மேலும் குறைவதற்குக் காரணமாயிற்று.

இவ்விலங்கைக் காக்கும் முயற்சியும் நடைபெறாமல் இல்லை. 1984 முதல் 1996 வரை மலேசியக் காடுகளிலிருந்தும் இந்தோனேசியக் காடுகளிலிருந்தும் 40 காண்டாமிருகங்கள் பிடிக்கப்பட்டு, உயிரியல் பூங்காக்களிலும் காப்பகங்களிலும் வைக்கப்பட்டன. இவ்விலங்கின் உணவு, நோய், இனப்பெருக்கம் ஆகியவை பற்றி அன்று அறிந்தது மிகக் குறைவு. பெரும்பாலான விலங்குகள் இறந்தன. இறுதியில், அமெரிக்காவின் சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் 2001-ஆம் ஆண்டு ஆண்டலஸ் என்னும் ஆண்குட்டி பிறந்தது. 1889-ஆம் ஆண்டு கொல்கத்தா உயிரியல் பூங்காவில் ஒரு குட்டி பிறந்ததற்குப்பின், 112 ஆண்டுகள் கழித்து மனிதர் பராமரிப்பில் பிறந்த முதற்குட்டி அது. அறிவு வாய்த்தது, ஆயினும் அதற்குள் காலம் பெரிதும் கடந்துவிட்டது.

2008-ஆம் ஆண்டு சபாவில் செம்பனைத் தோட்டத்தினுள் வழிதவறி வந்த ஓர் ஆண் காண்டாமிருகம் மீட்கப்பட்டது. அதற்குக் கெர்த்தாம் எனப் பெயரிட்டனர். 2011-இல் புந்துங் என்னும் பெண் விலங்கும், 2014-இல் ஈமான் என்னும் பெண் விலங்கும் பிடிக்கப்பட்டன. புந்துங்கின் முன்னங்கால் ஒன்றில் பாதம் இல்லை. குட்டிப் பருவத்தில் வேட்டைக்காரரின் கண்ணியில் அது அறுந்திருக்கலாம் எனக் கருதப்பட்டது. இரு பெண் விலங்குகளின் கருப்பையும் கருவைத் தாங்கும் நிலையில் இல்லை. கருமுட்டைகளை எடுத்து ஆய்வகத்தில் கருவுறச் செய்யும் முயற்சிகளும் பலனளிக்கவில்லை. இந்தோனேசியாவிலிருந்து உதவி பெறுவதற்கான பேச்சு ஆண்டுக்கணக்கில் நீண்டது. புந்துங் 2017-இல் புற்றுநோய்க்கு இரையானது. 2019 மே மாதம் கெர்த்தாம் இறந்தது. அவ்வாண்டு நவம்பரில் ஈமானும் இறக்க, மலேசியாவில் சுமத்திரா காண்டாமிருகம் இல்லை என்றாயிற்று.

செய்தித்தாள்கள் 2019-ஆம் ஆண்டினை இறுதி ஆண்டாகக் குறித்தன. உண்மையில் அம்முடிவு அதற்குப் பல்லாண்டுகள் முன்பே உறுதியாகிவிட்டது. ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று காண இயலாத அளவிற்குக் கூட்டம் மெலிந்த அந்நாளே, மலேசியாவில் அவ்வினத்தின் இறுதி நாள். அந்நாளை எவரும் குறித்து வைக்கவில்லை. கெர்த்தாமின் தோல் உயிரணுக்கள் பாதுகாக்கப்பட்டு, அவற்றிலிருந்து ஜெர்மானிய அறிவியலாளர்கள் குருத்தணுக்களை உருவாக்கியுள்ளனர். இஃது அரிய அறிவியல் முயற்சி. எனினும், குட்டிக்கு எந்த இலையை உண்ணலாம், எந்தச் சேற்றில் புரளலாம் எனக் கற்பிக்கும் தாயை ஆய்வகக் குடுவையில் உருவாக்க இயலாது. இவ்வினத்தில் ஐம்பதிற்கும் குறைவானவையே இன்று இந்தோனேசியாவில் எஞ்சியுள்ளன என்று கணிக்கப்படுகிறது.

காலம் இன்னும் உள்ள உயிர்கள்

மலேசிய அரசுச் சின்னத்தின் இருபுறமும் தாங்கி நிற்பவை புலிகள். 2016 முதல் 2020 வரை தீபகற்பக் காடுகளில் நடைபெற்ற கணக்கெடுப்பின்படி, அங்கு எஞ்சியுள்ள புலிகள் 150-க்கும் குறைவு. காட்டில் மறைத்து வைக்கப்படும் கம்பிக் கண்ணிகள் புலியென்றும் மானென்றும் பார்ப்பதில்லை. புலி தப்பினாலும் அதன் இரையாகிய கடமான் சிக்கிக்கொள்கிறது. இரை குறைந்த காட்டில் புலி குட்டிகளை வளர்க்க இயலாது.

போர்னியோவின் ஒராங்குட்டான் 2016-ஆம் ஆண்டு மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. மலாய் மொழியில் 'ஒராங்' என்றால் மனிதர், 'ஊத்தான்' என்றால் காடு. காட்டு மனிதர் எனப் பெயர் பெற்ற இவ்விலங்கின் தாய், தன் குட்டியை ஆறேழு ஆண்டுகள் உடன்வைத்து வளர்க்கும். எந்தக் கனி எப்போது எங்குப் பழுக்கும், கூடு எவ்வாறு கட்டுவது என்பனவெல்லாம் குட்டி தாயிடம் கற்பவை. இரு பிறப்புகளுக்கு இடையே ஏழெட்டு ஆண்டுகள் கழியும். ஆகவே, ஒரு தாய் கொல்லப்பட்டால் அவ்விழப்பு ஈடாவதற்கு நெடுங்காலம் ஆகும்.

இவை காண்டாமிருகத்தின் வழியில் செல்லாமல் தடுக்கப் பல முயற்சிகள் நடைபெறுகின்றன. தீபகற்பத்தின் நடுவே அமைந்த பெருங்காடுகளை மீண்டும் இணைக்கும் திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. வடக்கே கெரிக் பகுதியில் நெடுஞ்சாலையின் ஒரு பகுதி, யானைகள் கீழே கடந்து செல்லுமாறு உயர்த்திக் கட்டப்பட்டுள்ளது. சபாவின் கினபாத்தாங்கான் ஆற்றங்கரையில், துண்டாகிய காடுகளுக்கு இடையே ஒராங்குட்டான்கள் கடந்து செல்லக் கயிற்றுப் பாலங்கள் கட்டப்பட்டன. முதலில் தயங்கிய அவை பின்னர் அவற்றைப் பயன்படுத்தத் தொடங்கின. காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்த ஒராங் அஸ்லி பழங்குடி மக்கள், கண்ணிகளைக் கண்டு அகற்றும் காவல் அணிகளில் பணியாற்றுகின்றனர். இம்முயற்சிகள் அனைத்திற்கும் பொதுவான நோக்கம் ஒன்றே: உயிர்கள் ஒன்றையொன்று சந்திக்கும் வழி அடைபடாமல் காத்தல்.

நம் அடுக்களை வரை

மலேசியக் காட்டிற்கும் நமக்கும் என்ன தொடர்பு என ஒருவர் வினவலாம். உலகிலேயே பாமாயிலை மிகுதியாக இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. தமிழ்நாட்டின் நியாயவிலைக் கடைகளில் வழங்கப்படும் பாமாயில் எளிய குடும்பங்களின் அடுக்களையில் பயன்படுகிறது. ரொட்டி, சோப்பு, ஒப்பனைப் பொருள்கள் எனப் பலவற்றில் அவ்வெண்ணெய் கலந்துள்ளது.

அவ்வாறாயின், பாமாயிலை முற்றிலும் விலக்கிவிடலாமா? இவ்வினாவிற்கு விரைந்து விடை கூறுதல் தகாது. ஒரு ஹெக்டேர் எண்ணெய்ப்பனை தரும் எண்ணெயைச் சோயாவிலிருந்தோ சூரியகாந்தியிலிருந்தோ பெற வேண்டுமாயின் பன்மடங்கு நிலம் தேவைப்படும். அந்நிலத்திற்காக வேறொரு நாட்டின் காடு அழியக்கூடும். எளிய மக்களுக்கு அதனினும் மலிவான எண்ணெய் கிடைப்பதும் அரிது. புதிதாகக் காட்டை அழிக்காமல், ஏற்கெனவே உள்ள தோட்டங்களில் விளைச்சலைப் பெருக்குவதும், ஆற்றங்கரைகளில் காட்டிற்கு இடம் விடுவதும், அவ்வாறு விளைந்த எண்ணெயையே வாங்குவதும் நடுநிலையான வழிகளாகும். இந்நோக்கத்துடன் வேளாளர், வணிகர், இயற்கை ஆர்வலர் ஆகியோர் இணைந்து 2004-ஆம் ஆண்டு பன்னாட்டு வட்டமேசை அமைப்பு ஒன்றை நிறுவித் தரச்சான்று வழங்கி வருகின்றனர். அச்சான்றின் உண்மையைக் கேட்டறியும் உரிமையும் கடமையும் வாங்குவோருக்கு உண்டு.

ஓர் உயிரினம் ஏராளமாக இருக்கும்போது அதனைக் காக்க வேண்டும் என்பார் சொல் எடுபடுவதில்லை. விரல்விட்டு எண்ணும் நிலையில் அனைவரும் விரைகின்றனர்; செலவு பெருகுகிறது; பயனோ குறைகிறது. நோய் முற்றிய பின் தரும் மருந்தைவிட நோய் அணுகாமல் காத்தலே சிறந்தது என்பதை உடல்நலத்தில் நாம் அறிவோம். காட்டின் நலத்திற்கும் அவ்விதி பொருந்தும். மலேசியப் புலிக்கும் ஒராங்குட்டானுக்கும் அந்தக் காலம் இன்னும் கடந்துவிடவில்லை. அவற்றின் எண்ணிக்கையைக் கேட்டு வருந்துவதற்கு முன்னரே செயற்படும் தலைமுறையாக விளங்குதல் நம் கையில் உள்ளது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் முன்பு மிகுதியாகக் காணப்பட்டு இன்று அருகிவிட்ட பறவை, மீன் அல்லது மரம் ஒன்றினைப் பற்றி மூத்தோரிடம் கேட்டறிந்து, அதன் குறைவிற்கான காரணங்களைத் தொகுத்து எழுதுக.

2. 'குன்று, கடற்கரை, தோட்டம்' ஆகிய மூன்றையும் வௌவால் இணைப்பதுபோல், உங்கள் ஊரில் வெவ்வேறு இடங்களை இணைக்கும் உயிரினம் ஒன்றைக் கண்டறிந்து வகுப்பில் விளக்குக.

3. 'பாமாயிலைத் தவிர்த்தல் காட்டைக் காக்குமா?' என்னும் பொருளில் இரு அணிகளாகப் பிரிந்து உரையாடுக.